ஓலை வாசிக்கும் முன்

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு 25 வயது. மேல்புறத்திலிருந்து இன்னும் உள்ளே தள்ளி எங்கள் வீடு. மார்த்தாண்டத்தில் ஒரு லேபில் வேலை. ரத்தம் எடுப்பது, சுகர் பார்ப்பது, ரிப்போர்ட் அடிப்பது. இதையும் மத்தியானம் ஆள் வராத நேரத்தில் லேப் கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறேன். முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு பெண்ணைக் காதலிக்கிறேன். இந்த வரியை மூன்று தடவை அடித்து அழித்தாயிற்று.

நாகர்கோவிலில் படிக்கும்போது ஹாஸ்டலில் நாங்கள் ஒரே அறை. அவள் நர்சிங், நான் லேப் டெக்னீஷியன். அவள் கடப்புறத்துப் பிள்ளை. 2017-ல் ஒக்கி புயலில் அவளுடைய அப்பா கடலில் போனார். உடல் கிடைக்கவில்லை. ஹாஸ்டலில் மழை இருட்டிக்கொண்டு வந்தால் அவள் தூங்க மாட்டாள், நான் கூட உட்கார்ந்திருப்பேன். அப்படித்தான் பழக்கம். எங்கள் பக்கம் தோழியைக் கூட்டுக்காரி என்போம். எந்த நாளில் அவள் கூட்டுக்காரிக்கும் மேலே ஆனாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் போன ராத்திரி, கூட்டத்தில் தவறிவிடக் கூடாதென்று என் கையைப் பிடித்தாள். கூட்டம் தாண்டி பஸ் ஏற வந்த பிறகும் விடவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆறு வருஷம் ஆகப்போகிறது.

வீட்டில் யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. ஒரு பையனோடு பஸ் ஸ்டாப்பில் ஐந்து நிமிஷம் நின்றால் நான் வீடு வந்துசேரும் முன்னே சேதி வந்துவிடும். இவளோடு ஒரு கட்டிலில் படுத்துத் தூங்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அம்மையே "அவளையும் கூட்டிட்டு வா, கிழங்கு அவிச்சு வைக்கேன்" என்பாள். அவள் கடப்புறம் என்பது மட்டும் அம்மைக்கு ஒரு குறை. அந்தக் குறையையும் அவள் கொண்டுவரும் மீன் சரியாக்கிவிட்டது.

இப்போது அவள் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி ட்யூட்டி முடிந்து ஜெர்மன் படிக்கிறாள். பரீட்சை பாஸானால் அங்கே வேலை கிடைக்கும், இரண்டு வருஷம் பொறு, பிறகு உனக்கும் ஒரு வழி பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாள்.

ஜூலையில் ஒரு நாள் என் போன் அடுக்களையில் சார்ஜில் கிடந்தது. அம்மை எதையோ தொட, அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் சத்தமாகப் பாடிவிட்டது. அதில் ஒன்றுமே இல்லை. "சோறு தின்னியா பிள்ளே? மழை வருது, குடை எடுத்தியா?" அவ்வளவுதான். ஆனால் அம்மைக்குப் புரிந்துவிட்டது. மேலே தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் குளித்துவிட்டு வந்தபோது அடுப்பு அணைந்துகிடந்தது, அவள் தரையில் இருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "ஒனக்க அப்பா எனக்கிட்ட ஒரு நாளும் இப்பிடிப் பேசினதில்ல" என்றாள். அப்பா 14 வருஷம் துபாயில் கொத்தனார் வேலை பார்த்தவர். அதற்குப் பிறகு அம்மை மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நாலாம் நாள் தாய்மாமன் வந்தார். எவ்வளவு சொன்னாள் என்று தெரியாது. ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் உபவாசம். அங்கே இருந்தவர் "மக்களே, வாயைத் திறந்து அறிக்கை பண்ணு" என்று தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தினார். எனக்குப் பசி மயக்கம், விழுந்துவிட்டேன். பிசாசு போய்விட்டது என்று சொன்னார்கள். அது போகாததால் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டார், மீதியெல்லாம் மாமாவோடுதான் பேசினார். கல்யாணம் பண்ணி வையுங்கள், எல்லாம் மாறிவிடும் என்று ராத்திரி போட மாத்திரை தந்தார். இரண்டு மாதமாகப் போடுகிறேன். காலையில் ஊசி பிடிக்கும்போது கை எனக்குச் சொந்தம் இல்லாதது போல் இருக்கிறது.

போனை வாங்கிக்கொண்டு பட்டன் போன் தந்திருக்கிறார்கள். கருங்கல் பக்கம் ஒரு மாப்பிள்ளை, குவைத்தில் வேலை. கிறிஸ்துமஸுக்கு வருகிறார், 40 நாள் லீவு, ஜனவரியில் கல்யாணம். போட்டோவில் பார்த்தால் நல்ல ஆள் மாதிரிதான் இருக்கிறார். ஒரு தடவை போனில் பேசினார், "உங்களுக்கு என்ன பிடிக்கும்" என்று கேட்டார். நான் மட்டிப்பழம் என்று சொல்லிவிட்டு அழுதேன். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார். 75 பவுன் பேசியிருக்கிறார்கள். அப்பா ஊருக்கு வந்ததிலிருந்து தானே பால் வெட்டி வரும் ரப்பர் விளை இருக்கிறதே, 40 சென்ட், அதை விற்க ஆள் பார்க்கிறார். அட்வான்ஸ் இன்னும் வாங்கவில்லை. தங்கச்சி பிளஸ் டூ படிக்கிறாள். "உன்னால அவளுக்கு ஒருத்தனும் வரமாட்டான்" என்பது இப்போது வீட்டில் தினம் கேட்கும் வார்த்தை.

டிசம்பரில் சபையில் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு. இவருக்கும் இவளுக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள். அந்தத் தடை நானே அங்கே பெஞ்சில் இருப்பேன்.

லேபில் என்னோடு வேலை பார்க்கும் அக்காவின் போனுக்குத்தான் அவள் மெசேஜ் அனுப்புவாள். போன வாரம் "தைரியம் இல்லேன்னா சொல்லிரு, நான் காத்துக்கிட்டு நிக்கமாட்டேன்" என்று அனுப்பியிருந்தாள். அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை. தினமும் குழித்துறைப் பாலத்தில் பஸ் போகும்போது ஆற்றைப் பார்க்கக் கூடாது என்று முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். இது நோயா, பாவமா? கல்யாணம் பண்ணிக்கொண்டால் மறந்துவிடுமா? இல்லை, ஒரு நாள் லேபுக்குப் போகிற மாதிரி இறங்கி அவளிடம் போய்விடவா? பதில் என் போனுக்கு வேண்டாம். இங்கே எழுதினால் வாசித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, விளவங்கோடு வட்டம்

*

அன்புள்ள வாசகிக்கு,

மகளே என்று எழுதத்தான் கை போனது. ஆனால் உங்களை மக்களே என்று கூப்பிட்ட கையோடுதான் ஒருவர் தலையை அழுத்தியிருக்கிறார். அதனால் வாசகி, நீங்கள் என்றே இருக்கட்டும்.

முதலில் அந்தப் பாலம். நீங்கள் கேட்ட மூன்று கேள்வியில் அது இல்லை, போகிற போக்கில் ஒரு வரி. நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். முகத்தைத் திருப்பிக்கொள்வது நல்லது. திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது அதைவிட நல்லது. 14416 என்று அரசின் மனநல உதவி எண் ஒன்று இருக்கிறது, டெலி மானஸ் என்பார்கள். பட்டன் போனிலிருந்தும் கூப்பிடலாம், காசு இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உங்கள் காதலைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டில் கல்யாண நெருக்கடி, உயிரோடு இருக்கத் தோன்றவில்லை என்றால் போதும். அந்த நினைப்பு ரொம்பக் கூடுகிற நாளில் தனியாக பஸ் ஏறாதீர்கள். லேப் அக்காவிடம் சொல்லி அவரைக் கூட வரச் சொல்லுங்கள். ஆறு வருஷ ரகசியத்துக்குத் துணை நிற்கிறவர், இதற்கும் நிற்பார்.

நோயா என்ற கேள்விக்குப் பதில் சின்னது. இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் 2018-ல் இது நோய் அல்ல என்று சொல்லியிருக்கிறது. ஒருவருடைய இந்த ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று வைத்தியம் பார்ப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7-ல் தடை செய்தது. அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் செய்வது மருத்துவர்களின் தொழில் ஒழுங்குக்கு விரோதம் என்று சொன்னது. அந்த டாக்டர் இரண்டு கேள்வியோடு முடித்துக்கொண்டதைப் படித்தபோது, அதே துறையில் இருக்கிறவளாக எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் மாத்திரையை இன்று ராத்திரியே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த வகை மாத்திரைகள் சிலவற்றை டக்கென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், படபடப்பு வரும். லேபில் வேலை பார்க்கிற உங்களுக்கு அட்டையில் இருக்கிற பெயரைக் குறித்துக்கொள்ளத் தெரியும். அந்தப் பெயரோடும் சீட்டோடும் வேறொரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆசாரிப்பள்ளத்தில்தானே இருக்கிறது. "இது எனக்கு எதற்கு, எப்படிக் குறைப்பது" என்று கேளுங்கள். மாமா இல்லாமல், அக்காவோடு போங்கள். பாலத்து நினைப்பையும் அங்கே சொல்லுங்கள். அதற்கு மருந்து தேவைப்பட்டால் அது வேறு கணக்கு. பழைய சீட்டைக் கிழிக்க வேண்டாம், பத்திரமாக இருக்கட்டும்.

பாவமா என்பது என் படிப்புக்குள் வராத விஷயம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒருவர் தானாக இருப்பது உபவாசம். அடுத்தவர் பிடித்து வைத்துச் சோறு போடாமல் இருந்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது. நீங்கள் ஜெபம் பண்ணுகிறவராக இருந்தால் பண்ணுங்கள், அதை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சரி, இனி கல்யாணம். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். உங்கள் கடிதம் முழுக்க இரண்டு விஷயம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. நான் யாரை நேசிக்கிறேன் என்பது ஒன்று. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்பது இன்னொன்று. முதலாவதை வீடு ஏற்றுக்கொண்டால்தான் இரண்டாவதைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு மலைப்பு. முதலாவதற்கு வருஷங்கள் ஆகும். சில வீடுகளில் ஆயுசுக்கும் நடக்காது. இரண்டாவதற்கு டிசம்பர் முதல் ஞாயிறு வரைதான் நேரம். இதைச் சொல்ல அதை விளக்க வேண்டியதே இல்லை. வேண்டாம் என்று சொல்ல 25 வயதுப் பெண்ணுக்குக் காரணம் தேவையில்லை. ஏன் என்று பத்துப் பேர் கேட்பார்கள், கேட்கட்டும். "எனக்கு இதில் சம்மதம் இல்லை" என்பதையே பத்துத் தடவையும் சொல்லுங்கள். காரணம் சொல்ல ஆரம்பித்தால் காரணத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள். உங்கள் மாமா மாதிரி ஆட்களுக்கு அது கைவந்த கலை.

கல்யாணம் பண்ணினால் மறக்குமா? மறக்காது. கல்யாணமாகிப் பத்து, பதினைந்து வருஷம் கழித்து என் அறைக்கு வந்து உட்கார்கிற பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் பெரிதாகியிருக்கும், வீடு கட்டியிருப்பார்கள், வெளியே ஒரு குறையும் தெரியாது. அவர்கள் என்னிடம் அழுவது பெரும்பாலும் பழைய காதலை நினைத்து இல்லை. "அந்த மனுஷன் ஒரு தப்பும் பண்ணலையே" என்றுதான். கருங்கல்காரரும் ஒரு தப்பும் பண்ணவில்லை. பாலைவனத்து வெயிலில் சேர்த்த 40 நாள் லீவைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார். ஒருவரும் உங்களிடம் கேட்காத கேள்வி அது, அதனால்தான் அழுகை வந்திருக்கும். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் யாரிடம் போய்ச் சொல்வார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் சம்மதம் இல்லை என்ற ஒரு வரி அவருக்கு டிக்கெட் போடும் முன் தெரிவது நல்லது. வீட்டில் சொல்லியும் பேச்சு நிற்கவில்லை என்றால், அவரிடமே அந்த ஒரு வரியைச் சொல்லிவிடுங்கள்.

ஓலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாசிக்கும் ஞாயிறு வரை போக வேண்டாம். சபையின் போதகரை, அந்த ஜெபவீட்டுக்காரரைச் சொல்லவில்லை, ஒரு வாரநாளில் தனியாகப் பார்த்து எனக்குச் சம்மதம் இல்லை என்று சொல்லலாம். பெண்ணின் சம்மதத்தைக் கேட்காமல் எந்தப் போதகரும் மணம் முடித்துவைக்க முடியாது. எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. அவர் உங்கள் மாமாவுக்கு வேண்டியவரா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்து ஊர்களில் யாருக்கு யார் வேண்டியவர் என்பது எழுதித் தீராத விஷயம்.

இறங்கிப் போய்விடவா என்று கேட்டதற்கு வருகிறேன். சட்டம் எதுவரை கூட வரும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 1860-ல் வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த 377-வது பிரிவு, வயது வந்த இருவர் விரும்பிச் சேர்வதற்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. ஆகவே நீங்கள் இருவரும் சேர்ந்து இருப்பது குற்றம் இல்லை. கல்யாணமாகப் பதிவு பண்ண மட்டும் முடியாது. 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தர மறுத்துவிட்டது.

இதற்கு நடுவில் உங்களுக்குப் பக்கமான வழக்குகள் இரண்டு உண்டு. 2021 தீர்ப்பைச் சொன்னேனே, அது மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் போட்ட வழக்கு. பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேட ஆரம்பித்திருந்தது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இந்த விஷயம் தனக்கே சரியாகப் பிடிபடவில்லை என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். இப்படிக் காணவில்லை என்று புகார் வந்தாலும், இருவரும் வயது வந்தவர்கள், விரும்பி இருக்கிறார்கள் என்று வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, மேற்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று போலீசுக்கு உத்தரவிட்டார்.

இன்னொன்று அதே சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 மே மாதம் நடந்தது. 25 வயது, உங்கள் வயதுதான். வீட்டார் பிடித்து வைத்திருந்தார்கள். அவளுடைய துணை ஆட்கொணர்வு மனு போட்டாள். மனுவில் தன்னை நெருங்கிய தோழி என்றுதான் எழுதியிருந்தாள், உங்கள் ஊர்ப் பேச்சில் கூட்டுக்காரி. அந்தத் தயக்கம் எங்களுக்குப் புரிகிறது என்று நீதிபதிகள் தீர்ப்பிலேயே எழுதினார்கள். பிடித்து வைக்கப்பட்ட பெண்ணிடமே கேட்டு, அவள் விருப்பப்படி துணையோடு போகவிட்டார்கள். குடும்பம் அமைய கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றும் சொன்னார்கள்.

ஆகவே போகும் உரிமை உங்களுக்கு உண்டு. நாளைக்கே போங்கள் என்று சொல்ல மட்டும் எனக்கு மனம் வரவில்லை. லேபுக்குப் போகிற மாதிரி இறங்கிப் போனால் கையில் ஒரு டிபன் பாக்ஸ்தான் இருக்கும். உங்கள் பத்தாம் வகுப்பு, டிப்ளமோ சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன? ஆதார் யாரிடம்? சம்பளம் விழுகிற கணக்கின் ஏடிஎம் கார்டு உங்களிடமா, அம்மாவிடமா? கடிதத்தில் இது ஒன்றும் இல்லை, அதனால்தான் கேட்கிறேன். சான்றிதழ்களின் நகலாவது வீட்டுக்கு வெளியே ஒரு இடத்தில் இருக்கட்டும். லேபில் அனுபவச் சான்றிதழ் இப்போதே கேட்டு வாங்குங்கள், திருவனந்தபுரத்தில் லேபுகளுக்குப் பஞ்சம் இல்லை. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100-ல் கூப்பிட்டும் கேட்கலாம். போக வேண்டி வந்தால் வக்கீலிடம் பேசிவிட்டுப் போங்கள். அதற்குள் உங்களைப் பூட்டி வைத்தாலோ, அடித்தாலோ, கட்டாயமாக மறுபடி எங்காவது கொண்டுபோனாலோ, இந்தத் தயாரிப்பு எதற்கும் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கூப்பிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

உங்கள் கூட்டுக்காரியைப் பற்றி. "காத்துக்கிட்டு நிக்கமாட்டேன்" என்று அனுப்பியதை நீங்கள் மிரட்டலாக எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. பள்ளிக்கூடத்து வயதில், வராத ஒருவருக்காகக் கரையில் நின்றவள் அவள். வருவாரா இல்லையா என்று யாரும் சொல்லாமலே நாட்கள் போவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நீங்கள் பதில் போடாத இந்த ஒரு வாரம் அவளுக்கு எந்த வாரத்தை ஞாபகப்படுத்தியிருக்கும் என்று பாருங்கள். கெட்ட சேதியானாலும் பரவாயில்லை, இன்றே அக்கா போனிலிருந்து ஒரு வரி அனுப்புங்கள். "இருக்கேன், கல்யாணம் வேண்டாம்னு சொல்லப்போறேன், ஓடிவர இப்ப முடியாது" என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். ஜெர்மனி அவளுடைய திட்டம். அது நல்ல திட்டம். ஆனால் உங்கள் வாழ்க்கை முழுக்க அவள் எழுதுகிற ஒரு பரீட்சையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. வேலையும் சம்பளமும் உங்கள் கையில் இருந்தால்தான், பரீட்சையில் அவள் ஒரு தடவை தோற்றாலும் இருவரும் மூழ்காமல் இருப்பீர்கள்.

அம்மாவைப் பற்றிக் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தேன், ஏனென்றால் எனக்கு அதிகம் வலித்தது அங்கேதான். "ஒனக்க அப்பா எனக்கிட்ட ஒரு நாளும் இப்பிடிப் பேசினதில்ல." குடை எடுத்தியா என்ற ஒரு வார்த்தையில் அவருக்கு எல்லாம் புரிந்தது எப்படி? 14 வருஷம் துபாயிலிருந்து வந்த போனில் பணம் வந்ததா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியாச்சா என்ற கேள்விகள் வந்திருக்கும். சோறு தின்னியா என்று கேட்கிற குரல் வரவில்லை. அது மகளுக்கு வந்திருக்கிறது, அதுவும் ஒரு பெண்ணிடமிருந்து. அந்த நேரத்தில் அவர் தரையில் உட்கார்ந்ததில் கோபம் இருந்தது, பயம் இருந்தது, கூடவே கொஞ்சம் பொறாமையும் இருந்திருக்கலாம். இதைச் சொல்வது அவர் செய்ததை நியாயப்படுத்த இல்லை. ஜெபவீட்டுக்குக் கொண்டுபோனது கொடுமைதான். ஆனால் அம்மாவுக்கு இது புரியாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அது சரியில்லை. வீட்டில் முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான். புரிந்துகொண்டதைத் தாங்க முடியவில்லை, அண்ணனையோ தம்பியையோ கூப்பிட்டுவிட்டார்.

அவரை இந்த டிசம்பருக்குள் சம்மதிக்க வைக்க முயல வேண்டாம். 2025 வழக்கில் அந்தப் பெண்ணின் தாயிடம் நீதிபதிகளே பேசிப் பார்த்தார்கள், அவர் இறங்கி வரவில்லை. உயர் நீதிமன்றத்தால் முடியாததை அடுக்களையில் நீங்கள் முடிக்க வேண்டியதில்லை. தங்கச்சியின் கல்யாணத்தைப் பேச ஆரம்பித்தால், அவள் இன்னும் பிளஸ் டூ என்று மட்டும் ஞாபகப்படுத்துங்கள்.

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதே கொஞ்சம். அம்மா அழுதார், மாமா வந்தார், டாக்டர் பேசினார், அப்பா விளையை விற்க ஆள் பார்க்கிறார், அவ்வளவுதான். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று உங்களுக்கே தெரியவில்லை போலிருக்கிறது. பாலைவனத்தில் 14 வருஷம் செங்கல் அடுக்கி வாங்கிய 40 சென்டாக இருக்கும் அது. அதை 75 பவுனாக மாற்றப் போகிறவர் அவர். வேண்டாம் என்பதை முதலில் சொல்ல வேண்டியது அவரிடம்தான், அதுவும் அட்வான்ஸ் வாங்கும் முன். வாங்கிவிட்டால் திருப்பித் தரும் பிரச்சினை வேறு சேர்ந்துகொள்ளும், உங்கள் வேண்டாம் என்ற சொல்லுக்கு வட்டி ஏறும். சீதனம் வாங்குவதும் கொடுப்பதும் 1961 முதல் குற்றம் என்று நான் சட்டம் பேசலாம்தான், உங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

வீட்டுக்குள் பேசாதீர்கள், சுவர் முழுக்க மாமா இருக்கிறார். மழை விட்ட ஒரு காலையில் அவர் பால் வெட்டிவிட்டு எடுக்கப் போகும்போது நீங்களும் ஒரு வாளியோடு கூடப் போங்கள். சின்ன வயதில் போயிருப்பீர்கள். சிரட்டை சிரட்டையாக வழித்துக்கொண்டு போகிற வேலையில் முகம் பார்க்க வேண்டியிருக்காது, அது இந்த மாதிரிப் பேச்சுக்குத் தோது. "அப்பா, விளைய விக்கண்டாம். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்." இதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். அவர் ஏதாவது கேட்டால், எனக்கு மனசு இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். அவர் ஒன்றும் பேசாமல் அடுத்த மரத்துக்குப் போனால் நீங்களும் கூடப் போங்கள். வாளி நிறைந்து வீட்டுக்கு வந்த பிறகு, லேபுக்குப் போய், என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.